கம்பவுண்டரின் முதுகு

எங்கள் வீட்டில் ஒரு சிரிப்பு நடிகர் இருந்தார் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்ப வைப்பதற்கு என்னிடமும் ஒரு முதுகைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, ஆவடியில் எங்களோடு குவார்ட்டர்ஸில் இருந்தார். தான் வேலை பார்த்த ஃபேக்டரியிலேயே அவரையும் சேர்த்துவிட்டவர் அப்பா. ஆயுத பூஜையன்று ஷெட்டில் சித்தப்பா மேலதிகாரிகளைப் போல நடந்து காட்ட, அதைப் பார்த்த யாரோ அவரைக் கோடம்பாக்கத்துக்கு அழைத்துப் போனார்கள். லீவு போட்டுவிட்டுப் போய், இரண்டு மூன்று படங்களில் கூட்டத்தோடு கூட்டமாகக் கதாநாயகனிடம் அறை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். பிறகு ஒரு படத்தில் முழுசாக ஒரு காமெடிக் காட்சி கிடைத்தது. ஊசியைப் பார்த்தால் தானே மயங்கி விழுகிற கம்பவுண்டர். இனி வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்றார்.

அப்பாவுக்குச் சிரிப்பு லேசில் வராது. "படம் வரட்டும். பார்த்துட்டு நான் சொல்றேன். அதுவரிக்கும் சைரன் ஊதினா டிபன் பாக்ஸைத் தூக்கினு கெளம்பு" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா அண்ணன் பேச்சைத் தட்டாதவர்.

படம் பட்டணத்தில் ஒரு வாரம்கூட நிற்காமல் எங்கள் ஊருக்கு வந்தது. அண்ணனோடுதான் பார்ப்பேன் என்று சித்தப்பா அதுவரை பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தபின், எங்கள் குவார்ட்டர்ஸ் லைனே மேட்னிக்குக் கிளம்பியது.

ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு முதுகு உள்ளே போனது. நாங்கள் கைதட்டி ஓய்வதற்குள் கதாநாயகி மலையில் ஆடிக்கொண்டிருந்தாள். "முதுகு நம்ம தம்பிதான்" என்றாள் அம்மா.

எங்கள் ஊர்க் கொட்டகைகளில் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி ஆட்டம் கடைசி ரயிலுக்கு முன்னால் முடிய வேண்டுமென்று ஆபரேட்டர் பாட்டிலும் காமெடியிலும் கத்தரி வைப்பார். கதை கெடாது அல்லவா. ஆகவே யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எல்லோரும் ஆபரேட்டரைத் திட்டினார்கள். இடைவேளையில் சித்தப்பா படியேறி ஆபரேட்டர் அறைக்குப் போனார். அவர் விரலை விடாத நானும் கூடவே போனேன்.

"இன்னா அண்ணாத்தே, மேட்னிக்கு நான் இன்னாத்துக்கு வெட்டப்போறேன்? பெட்டியில வந்ததைத்தான் ஓட்டினு கீறேன். வெட்டினது உங்க படக் கம்பெனிக்காரன்தான்" என்றார் ஆபரேட்டர்.

சித்தப்பா மெஷின் பக்கத்துத் துவாரம் வழியாகக் கீழே அப்பாவைப் பார்த்தார். பிறகு, "கீழ எங்க அண்ணன்கிட்ட நீதான் வெட்டினேன்னு சொல்லிக்கிறேன். கோச்சிக்காத நைனா" என்றார்.

ஆபரேட்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்லிக்க" என்றார்.

சித்தப்பா கீழே வந்து அப்பாவிடம் அப்படியே சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரையே ஏமாற்றுகிற வேடிக்கையில் நான் மட்டும் கூட்டாளி.

அன்று சாயங்காலம், வெட்டுப்பட்ட காட்சியை வீட்டில் நடித்துக் காட்டச் சொன்னார்கள். கரண்டிதான் ஊசி. நோயாளியாக அப்பாவையே பாயில் படுக்க வைத்தார். ஊசியை ஓங்கி, அதைப் பார்த்து, கண் செருகி, நோயாளியின் மேலேயே விழுந்தார். ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்தவர்கள் வரை சிரித்தார்கள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேலைய உட்டுடு. உன் சோத்துக்கு நான் கீறேன்" என்றார். அப்பா அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. சித்தப்பா கரண்டியை அம்மாவிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை சைரன் ஊதியபோது அவர் டிபன் பாக்ஸை சைக்கிளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பாதான் வேலைக்குப் போவ வாணாம்னு சொல்ட்டாரே சித்தப்பா?" என்றேன்.

அவர் டிபன் பாக்ஸை உற்றுப் பார்த்து, கண் செருகி, ஹேண்டில்பார்மேல் மயங்கி விழுந்தார். நான் சிரித்தேன். அவர் ஏறி மிதித்துப் போய்விட்டார்.

அதன்பிறகு அவர் கோடம்பாக்கம் பக்கமே போகவில்லை. அந்த ஃபேக்டரியிலேயே ரிட்டையர் ஆனார். "எந்தம்பி எங்கியோ போயிருப்பான், அந்த ஆபரேட்டர் பாவி கெடுத்துட்டான்" என்று அப்பா கல்யாண வீடு, துக்க வீடு பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சித்தப்பா, "ஆமாண்ணே, வெட்டிட்டான்" என்று தலையாட்டுவார். ஒவ்வொரு தடவையும் நான் வாயைப் பொத்திக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பேன். அத்தனையும் வேடிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். அதை அப்பாவிடம் எப்போது உடைப்பார், எல்லோரும் எப்போது சிரிப்போம் என்று வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.