பழனி மொட்டையும் வேளாங்கண்ணி மொட்டையும்

அகரத்து அய்யம்மாளுக்கு வாய் பெரிசு என்று ஊரே சொல்லும். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் அவள் செவ்வந்தி மூட்டையை இறக்கினால் போதும், "ஆத்தா வந்துருச்சுடா, எடையில விளையாடாதீக" என்று கமிஷன் கடைக்காரரே எச்சரிப்பார். அப்படிப்பட்டவள், மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த அன்றைக்கு வாயைத் தைத்துக்கொண்டாள். புருஷன் சோலைமலைக்கே அது ஆச்சரியம்தான்.

காரணம் மகள் தமிழ்மதி. படிப்பு முடிந்து வரன் பார்க்கிற நேரம். ஆத்தாளுக்கு இந்த நோய் என்று வெளியே தெரிந்தால் எவன் பெண் கேட்டு வருவான் என்று அய்யம்மாள் பயந்தாள். மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து, "கர்ப்பப்பைய எடுத்தாச்சு" என்று தெருவுக்குச் சொன்னாள். தெருவும் நம்பியது. கட்டி போய்விட்டது, ஆனால் அது மறுபடி தலைகாட்டாமல் இருக்க ஆறு தடவை கீமோ ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர்.

முதல் தடவையே அவளைப் புரட்டிப் போட்டுவிட்டது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. வாயெல்லாம் புண். கந்தல் துணி மாதிரிச் சுருண்டு கிடந்தவள் ஒருநாள் எழுந்து உட்கார்ந்து சொன்னாள். "செத்தாலும் சரி, இனிமே அந்த ஊசிக்கு நான் போகமாட்டேன்." சோலைமலை கெஞ்சிப் பார்த்தார். தமிழ்மதி அழுது பார்த்தாள். ம்ஹூம், அசையவில்லை.

இதற்கிடையில் சீப்பை வைத்தால் முடி கொத்துக் கொத்தாக வந்தது. சலூன்காரரைக் கூப்பிட்டால் கதை ஊருக்குள் போய்விடும் என்று சோலைமலையே கதவைச் சாத்திக்கொண்டு வழித்துவிட்டார். அய்யம்மாள் தலை நிறையச் சந்தனத்தைப் பூசிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பழனிக்கு வேண்டுதல், மொட்டை போட்டாச்சு, அவ்வளவுதான். எல்லாம் சரியாகத்தான் போனது. எதிர்வீட்டுக்காரி தீபா வந்து கையை நீட்டும்வரை!

"பஞ்சாமிர்தம் எங்கக்கா?"

அடக் கடவுளே! பழனிக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் இல்லாமல் எவர் திரும்பியிருக்கிறார்? "உங்க அண்ணன் பையப் பஸ்சுல விட்டுட்டாரு, நாளைக்குத் தாரேன்" என்று சமாளித்தாள். மறுநாள் விடிந்ததும் சோலைமலை பழனி பஸ் ஏறினார். "பொய் சொல்றது நீயி, மலைக்கு அலையுறது நானா?" என்று முனகியபடி போனவர், தெருவுக்கே போதுமான டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வந்தார், பாவம் மனுஷன்.

இரண்டாவது ஊசிக்கு நாள் நெருங்கியது. அய்யம்மாள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. உடம்பு சற்றுத் தேறியிருந்ததால், பூவைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் சிலுவைச் செயின், தலையில் முக்காடு, முக்காட்டுக்குள் மொட்டை.

கண்டக்டருக்கு ஒரே குஷி. "என்னம்மா, ஒரே சீட்டுல ரெண்டு மொட்ட? எந்தக் கோயிலு?"

"எனக்குப் பழனி."

"எனக்கு வேளாங்கண்ணி."

நல்ல வெயில். அந்தப் பெண் கைக்குட்டையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். துடைத்த துடைப்பில் இடப்பக்கப் புருவம் பாதி காணாமல் போய், கைக்குட்டையில் கறுப்பாக ஒட்டியிருந்தது. மை! இத்தனை நாள் மூடிக் கிடந்த அய்யம்மாளின் வாய் அதற்குமேல் சும்மா இருக்குமா?

"ஏந் தாயி, வேளாங்கண்ணியில புருவத்தையுமா காணிக்கையா எடுக்குறாக?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அய்யம்மாளின் கையையே பார்த்தாள். மருந்து ஏறிய நரம்பு முழங்கைவரை கறுத்துத் தெரிந்தது.

"ஏங்கக்கா, பழனியில மொட்ட போட்டா நரம்புல ஊசியும் போட்டுத்தான் அனுப்புறாங்களா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வந்ததே சிரிப்பு! பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சிரித்துச் சிரித்து அய்யம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்தது. அது அழுகையாகவே மாறியது. அந்தப் பெண் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பெயர் ஜெயமேரி, திண்டுக்கல்லில் துணிக்கடை வைத்திருக்கிறாளாம்.

"எனக்கும் மாருலதாங்கக்கா. நாலு ஏத்தியாச்சு."

எனக்கும் என்று ஒரு ஜீவன் சொல்லி அய்யம்மாள் அதுவரை கேட்டதே இல்லை. நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மடை திறந்தாற்போல எல்லாவற்றையும் கொட்டினாள். இனிமேல் ஊசிக்குப் போகப்போவதில்லை என்றும் சொன்னாள்.

"வாந்தி நிக்கலைன்னு டாக்டர்ட்ட சொன்னீங்களா?"

"அது அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சீங்க போங்க! நானும் மொதத் தடவ இப்படித்தான் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். அடுத்த தடவ அழுதுகிட்டே சொன்னேன். இத அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லக்கூடாதான்னு திட்டிட்டு மாத்திரைய மாத்துனாரு. அப்புறமும் கஷ்டம்தான், இல்லைங்கல. ஆனா தாங்குற கஷ்டம். நீங்க வாங்க, நான் கூட வாரேன்."

இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப்போனது இருவருக்குமே தெரியவில்லை.

ஊசி நாளன்று காலையில், பையோடு கிளம்பியவளை எதிர்வீட்டுத் தீபா வழிமறித்தாள். "எங்கக்கா கெளம்பிட்டீக?"

"மதுரைக்கு. மாருல புத்துநோயி, கட்டிய எடுத்தாச்சு, இன்னைக்குக் கீமோ ஏத்தணும்" என்றாள் அய்யம்மாள், தெருவுக்கே கேட்கும்படி. சோலைமலை மகளைப் பார்த்தார். "இதுக்கு ஓடுற மாப்பிள்ள எனக்கு வேண்டாம்பா" என்றாள் தமிழ்மதி. தீபா பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை கூடவே வந்தாள்.

மதுரையில் அய்யம்மாள் டாக்டரிடம் மார்க்கெட் குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மாத்திரையை மாற்றினார். மருந்து சொட்டுச் சொட்டாக ஏற, பக்கத்தில் ஜெயமேரி உட்கார்ந்திருந்தாள். ரெண்டு பேரையும் அந்த பஸ்ஸில் சேர்த்துவைத்தது முருகனா மாதாவா என்று இருவருக்கும் ஒரே வழக்கு. சத்தம் தாங்காமல் நர்ஸ் டெய்சி வந்து இருமுறை அதட்டிவிட்டுப் போனாள்.

மாலையில் பாட்டில் தீர்ந்தது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது நம்மில் யாரும் 'வாரேன்' என்று சொல்லமாட்டோம். திரும்ப வருகிற இடமா அது? வாயைத் திறக்காமல் படியிறங்கிவிடுவதுதான் வழக்கம். அய்யம்மாள் வாசலில் நின்று திரும்பினாள்.

"டெய்சி, வாரேன் தாயி!"

சோலைமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏ புள்ள, இங்க வந்து அப்படிச் சொல்லலாமா?"

"ஏன் சொல்லக்கூடாது? இன்னும் நாலு கெடக்குல்ல? வருவேன், நாலையும் ஏத்திக்கிட்டுத்தான் விடுவேன்!"

சொன்னபடியே வந்தாள். நாலையும் ஏற்றி முடித்தாள்.