ஜெபக் குறிப்பில் ஒரு சுகப்பிரசவம்

சென்ற மாதம் ஸ்ரீரங்கத்தில் என் தங்கை மகனுக்குக் கல்யாண வரவேற்பு. நான் பந்தி எப்போது ஆரம்பிக்கும் என்று நோட்டம் விட்டுக்கொண்டு, மேடையிலிருந்து பத்திரமான தூரத்தில்தான் நின்றிருந்தேன். பாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று பாட்டை நிறுத்தி, "இப்ப மாமா ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசுவாங்க" என்று மைக்கோடு கீழே இறங்கி வந்துவிட்டான். மைக்கின் தலையில் ஒரு பஞ்சு உறை மாட்டியிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அதற்கென்று ஒரு வாடை உண்டு. ஊரார் எச்சிலும் துருவும் கலந்த வாடை. அது மூக்கில் ஏறியதும், "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். இதைவிடச் சுருக்கமான வாழ்த்துரையைத் தான் கேட்டதில்லை என்று மனைவி பிறகு சொன்னாள். குரலில் பாராட்டு இல்லை.

அந்த வாடை எனக்கு முதலில் அறிமுகமானது உப்பிலியபுரம் பக்கத்தில் ஒரு சின்ன சர்ச்சில். ஸ்ரீரங்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் பிள்ளைக்கு சர்ச் மைக்கோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மாவும் அதைத்தான் கேட்டாள். தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு ஊர்சுற்றிக்கொண்டிருந்த எனக்கு முதலில் கிடைத்த வேலை, திருச்சி புத்தூரில் ஒரு மிஷன் ஆபீசில். வடக்கே மலைக் கிராமங்களுக்கு ஊழியர்களை அனுப்பும் சங்கம் அது. "உன்னை மாத்திப்புடுவாங்கடா" என்று அம்மா தினமும் நெற்றியில் திருமண் சரியாக இருக்கிறதா என்று சோதித்து அனுப்புவாள். காவிரிப் பாலம் தாண்டும்போது நானும் பயந்துகொண்டுதான் போவேன். ஆனால் வருடக்கணக்கில் அங்கே இருந்தும் ஒருத்தரும் என்னை மாற்ற முயலவில்லை. கொஞ்ச நாள் கழித்து எனக்கே லேசாக அவமானமாகிவிட்டது. மாற்றுவதற்குக்கூட லாயக்கில்லாத ஆளா நான்?

மிஷன் என்றாலே வெளிநாட்டிலிருந்து பணம் கொட்டுகிறது என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்வார்கள். எங்கள் ஆபீசுக்குக் கொட்டியது அரிசிதான். பிடியரிசி என்று பெயர். உலை வைக்கும்போது, பானைக்குப் போகும் அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுவார்கள். காலையில் ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. ஊரில் உள்ள எல்லா வீட்டு டப்பாவையும் சனிக்கிழமை பெண்கள் வந்து சாக்கில் கொட்டிக்கொண்டு போவார்கள். அதை விற்று வரும் பணம் எங்களுக்கு. ஒவ்வொரு சபையும் ஒரு ஊழியர் குடும்பத்தைத் தத்து எடுத்த மாதிரி. அதைத் 'தாங்குவது' என்பார்கள். சில சபைகள் சோம்பல் பட்டு அரிசியையே அனுப்பிவிடும், அன்றைக்கு ஆபீசில் அதுதான் மதியச் சாப்பாடு. பொன்னி, ரேஷன், பச்சை, புழுங்கல் எல்லாம் ஒரே பானையில். ஒரு பருக்கை களியாகியிருக்கும், பக்கத்துப் பருக்கை பல்லை உடைக்கும். ஆனால் என்ன மணம் தெரியுமா! நாற்பது வீட்டு அடுப்படி ஒன்றாக மணக்கும்.

இதற்குப் பதிலாக எங்களிடமிருந்து போவது மாதாமாதம் ஒரு ஜெபக் குறிப்பு. ஊழியர்கள் எழுதும் கடிதங்களிலிருந்து, யாருக்குக் காய்ச்சல், எந்தக் கிராமத்தில் பள்ளிக்கூடக் கூரை பறந்தது என்றெல்லாம் பொறுக்கி நான்தான் டைப்ரைட்டரில் ஸ்டென்சில் அடித்து, மை தடவி நகலெடுப்பேன். அதை வைத்துக்கொண்டு பெண்கள் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள். இதில் ஒரு விதி உண்டு. கேட்டது கிடைத்துவிட்டது என்று செய்தி வரும்வரை அந்த வரியை எடுக்கக் கூடாது. விதி என்றால் எனக்கு ரொம்பப் பிடிக்கும், யோசிக்க வேண்டாம் அல்லவா?

அந்த வருடம் பங்குனியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் மேனேஜர் சாமுவேல் சார் கூப்பிட்டார்.

"நாளைக்கு உப்பிலியபுரம் போறே."

"எதுக்கு சார்?"

"யோபு அண்ணனுக்கு டைபாய்டு. வரமாட்டார். அவருக்குப் பதிலா நீ பேசிட்டு வா."

யோபு அண்ணனும் கிரேஸ் அக்காவும் அந்தச் சபை தாங்கிய குடும்பம். மலை மேலே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து, சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடத்திக்கொண்டு இருந்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து தாங்கும் சபையில் நேரில் நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும். கேட்டு முடித்த கையோடு, அடுத்த வருடமும் தாங்குவதா வேண்டாமா என்று பெண்கள் கை தூக்குவார்கள். கை எழும்பாவிட்டால் அந்தக் குடும்பம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"சார், நான் ஸ்ரீரங்கம் சார்" என்றேன் பரிதாபமாக.

"ஏன், ஸ்ரீரங்கத்துல யாரும் வாயத் தொறந்து பேசமாட்டாங்களா? மத்தவங்க எல்லாம் வேற சபைக்குப் போறாங்க. நீ ஒருத்தன்தான் மிச்சம்."

அதற்கப்புறம் கதவைச் சாத்திவிட்டு அவர் இன்னொன்று சொன்னார். கிரேஸ் அக்காவின் சுகப்பிரசவத்துக்காக என்று ஜெபக் குறிப்பில் நான் மாதாமாதம் ஒரு வரி அடித்துக்கொண்டிருந்தேனே, அந்தக் குழந்தை பிறந்து, இரண்டாம் நாளே போய்விட்டது. போன கோடையிலேயே. "நேரில் வரும்போது நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவரை எழுத வேண்டாம்" என்று யோபு அண்ணன் கேட்டுக்கொண்டாராம். சார் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் சொல்லாததால் நான் வரியை எடுக்கவில்லை.

"கேட்டா, அக்கா சுகமா இருக்காங்கன்னு சொல்லு. பொய் இல்லல்ல? அது அவர் சொல்ல வேண்டிய சேதி. நாம சொல்லி, அவங்க மனசு விட்டுப் போயி, கை எழும்பலைன்னா?"

மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறியதிலிருந்து எனக்குத் தண்ணீர் தாகம், தண்ணீர் குடித்ததால் வேறு அவசரம். திருவெள்ளறை மொட்டைக் கோபுரம் ஜன்னலில் தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். பெருமாளே, இன்றைக்கு சர்ச்சில் நன்றாகப் பேச வை. வேண்டுதல் கொஞ்சம் முறை தவறியதுதான். ஆனால் அவருக்கும் இப்படி ஒரு மனு அதுவரை வந்திருக்காது.

போதகருக்கு ஏழெட்டு ஊர், அன்று வேறு ஊரில் இருந்தார். பெண்கள் கூட்டத்தை நடத்தியது எஸ்தர் அம்மா. வெங்காயம் பயிர் செய்யும் குடும்பம். உள்ளங்கை சொரசொரவென்று, என் கையைப் பிடித்தபோது ரம்பம் பட்ட மாதிரி இருந்தது. "வாங்க தம்பி, தோத்திரம்" என்றார். நான் "வணக்கம், மன்னிக்கணும், தோத்திரம்" என்று மூன்றையும் சொன்னேன். கோழிக் குழம்பு ஊற்றினார்கள். பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே சாப்பிட்டேன்.

பிறகு அந்த மைக். அந்த வாடை. பாயில் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்க்கும் பெண்கள். மலை, பள்ளிக்கூடம், கூரை, டைபாய்டு என்று மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். முடித்துவிட்டேன் என்று நினைத்தபோது எஸ்தர் அம்மா எழுந்தார்.

"கிரேஸுக்குப் புள்ள பொறந்துச்சா தம்பி?"

"அக்கா சுகமா இருக்காங்க."

"அது சரி. புள்ள?"

"அக்கா... ரொம்ப சுகமா இருக்காங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "போன வருசம் பொங்கலுக்கு ஏழு மாசம்னு போட்டீங்க. இந்த வருசப் பொங்கலும் போயிருச்சு. யானைகூட இந்நேரம் குட்டி போட்டு நடக்க விட்டிருக்கும்."

யாரோ சிரித்தார்கள். எஸ்தர் அம்மா சிரிக்கவில்லை. "நாங்களும் பெத்தவங்கதான் தம்பி. விரல் மடக்கத் தெரியாதா? ஆடியிலேயே எங்களுக்குச் சந்தேகம். உங்க சீட்டுல போட்டிருந்த வரிய விட்டுட்டு, அவ மனசு ஆறட்டும்னுதான் அப்புறமா ஜெபிச்சோம். இருந்தாலும் ஒரு வார்த்தை யாராச்சும் வாய்விட்டுச் சொல்லட்டும்னு பாக்கறோம். நீயாச்சும் சொல்லுவியா, மாட்டியா?"

சார் முகம் ஞாபகம் வந்தது. கை எழும்பாமல் போய், டைபாய்டோடு படுத்திருப்பவர் மூட்டை கட்டுவது கண் முன்னே வந்தது. ஓடிவிடலாம் என்று வாசலைப் பார்த்தேன். செருப்பு எந்த மூலையில் கிடந்தது என்று தெரியவில்லை. பயத்தில் எனக்குப் பொய்யும் வராது, அதுதான் என் துரதிர்ஷ்டம்.

"குழந்தை தங்கலைங்க" என்றேன். மைக் அதை ஊருக்கே சொன்னது.

சில பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். எஸ்தர் அம்மா என் பக்கம் திரும்பி, "ஆபீஸ் தம்பி, நீயே ஒரு ஜெபம் பண்ணிரு" என்றார். விருந்தாளிக்குத் தரும் மரியாதை அது.

"எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதும்மா. நான்... நான் வந்து..."

"தெரியும்யா. சர்ச் படியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு உள்ள வந்தியே, அப்பவே தெரியும். சும்மா நில்லு, நாங்க பாத்துக்கறோம்."

ஜெபம் முடிந்தும் எஸ்தர் அம்மா கை தூக்கச் சொல்லவில்லை. நானே, பூனைக் குரலில், "தாங்கறது...?" என்று இழுத்தேன்.

"அது கிரேஸ் மூஞ்சியப் பாத்துட்டு வந்து சொல்றோம். இத்தனை மாசமா நம்மள்ல ஒருத்தியும் போயி அவ பக்கத்துல உக்காரலையே. ரெண்டு பேரு போறோம். நீ டிக்கெட்டுக்கு ஏற்பாடு பண்ணு."

தாங்குபவர்கள் பணித்தளத்துக்குக் கிளம்பிப் போகும் வழக்கம் எங்கள் ஆபீசில் கிடையாது. "உன்னை என்ன பண்ணச் சொன்னேன், என்ன பண்ணிட்டு வந்திருக்கே?" என்று சாமுவேல் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு வேலை போய்விட்டது என்றே முடிவு செய்து மேஜையைக்கூடத் துடைத்துவிட்டேன். அரை மணி கழித்து அவரே சட்டையை மாட்டிக்கொண்டு ஜங்ஷனுக்கு டிக்கெட் எடுக்கப் போனார்.

அடுத்த வாரம் நான்தான் வழியனுப்பப் போனேன். எஸ்தர் அம்மாவும் மேரி என்ற இன்னொரு அம்மாளும், ஒரு அரிசி மூட்டை, ஒரு தூக்குவாளி. தூக்குவாளியில் பிரசவ லேகியம். வாடை பிளாட்பாரம் முழுக்கத் தூக்கியது.

"இப்ப எதுக்கும்மா லேகியம்?"

"புள்ள தங்கலைன்னா என்ன? பெத்த உடம்புதானே. அவளுக்கு யாரு கிண்டிக் குடுத்திருப்பா?"

ரயில் உள்ளே வந்தபோது அந்த ரம்பக் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"இன்னிக்கு வரைக்கும் துறையூரத் தாண்டி நான் போனதில்ல தம்பி. பயமா இருக்கு. பாஷையும் தெரியாது."

"எனக்கும் பயமா இருக்கும்மா."

"உனக்கென்னடா பயம்? நீ வீட்டுக்குத்தானே போகப் போற?" என்று அந்த நிலையிலும் என்னை ஒரு இடி இடித்துவிட்டுத்தான் ஏறினார்.

ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, "என்ன பேசறது, உக்காந்திருந்தோம்" என்றார் எஸ்தர் அம்மா. அதற்கடுத்த ஞாயிறு எல்லாக் கையும் எழும்பியது. யோபு அண்ணன் தலை நரைத்து ஊர் திரும்பும்வரை அந்தச் சபைதான் தாங்கியது. நான் அதற்கு ரொம்ப முன்னாலேயே டைல்ஸ் கடை வேலைக்கு மாறிவிட்டேன். அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை.

போன வருடம் கடை விஷயமாக அந்தப் பக்கம் போனபோது சர்ச்சுக்குள் எட்டிப் பார்த்தேன். எஸ்தர் அம்மா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. தரையெல்லாம் பளபளவென்று கிரானைட். பிடியரிசி டப்பாவைப் பற்றிக் கேட்டேன். அதெல்லாம் அம்மாச்சி காலம் என்றார்கள். வாசலில் காணிக்கைக்கு ஸ்கேன் பண்ணுகிற அட்டை தொங்கியது. ஜெபக் குறிப்பு பாட்டோடு வீடியோவாக வருகிறதாம். நல்லதுதான், ஸ்டென்சில் மையில் என் விரல் கறுத்தது எனக்குத்தான் தெரியும்.

"இப்ப எந்தக் குடும்பத்தைம்மா தாங்கறீங்க?" என்று பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"இருக்காங்க அங்கிள், வடக்க. பேரு..." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு போனை எடுத்து விரலால் தள்ளினாள், இன்னும் தள்ளினாள். "போன மாசம்கூட வந்துச்சே. இருங்க அங்கிள், லோடாவுது."

நின்றேன். துறையூர் பஸ் வந்துவிட்டது. பெயர் வரவில்லை.