பேசாமல் இருப்பதற்கான காரணங்கள்

கடைக்காரன் பித்தளை யானையை மறுபடியும் நீட்டியபோது அந்தப் பெண்மணி வேண்டாம் என்றாள். ஜம்பு பக்கத்துக் கடையில் செருப்பு பார்ப்பதுபோல் குனிந்து, சட்டைப்பையிலிருந்த துண்டுச் சீட்டில் அதைக் குறித்துக்கொண்டான். கணவர் வேறு விதமாக மறுத்தார். பெட்டியில் இடமில்லை என்றார். அதையும் குறித்தான். ஜன்பத் நடைபாதையில் அந்த ஜெர்மன் தம்பதி நகர்ந்தால் இவனும் நகர்ந்தான்; நின்றால் நின்றான். எப்போதும் ஒரு கடை இடைவெளி. அதைவிட நெருங்கினால் பேச வேண்டி வரலாம். பேச அனுமதி இன்னும் வரவில்லை. காதில் விழுவதற்கு அனுமதி வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

செருப்புக்காரன், வாங்கப் போகிறீர்களா இல்லையா பாபுஜி என்று ஹிந்தியில் கேட்டான். நாளைக்கு வருகிறேன் என்று ஜம்பு சொன்னான்.

அவன் மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். தானியக் கிடங்குப் பிரிவு. தங்கள் ஊருக்கு ஒரு கிடங்கு வேண்டும் என்று எழுதுகிறவர்களுக்கு இல்லை என்று பதில் தயாரிப்பது அவன் வேலை. எழுபத்து மூன்றில் ஜெர்மனியிலிருந்து தானியம் உலர்த்தும் இயந்திரம் ஒன்று வந்தது. கூட வந்த கையேடு ஜெர்மனில் இருந்தது. யாராவது இந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டால் நன்றாயிருக்கும் என்று அதிகாரி ஒருவர் பொதுவாகச் சொன்னார். பொதுவாகச் சொன்னதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்ட ஒரே ஆள் ஜம்பு. பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் சேர்ந்தான். கையேட்டைப் படிக்கத் தெரிந்துகொண்டபோது இயந்திரம் துருப்பிடித்து ஏலத்துக்குப் போயிருந்தது. ஜெர்மன் மட்டும் தங்கிவிட்டது.

சர்ட்டிபிகேட் முடித்தான். டிப்ளமா முடித்தான். எழுபத்தெட்டில் உயர்நிலை டிப்ளமாவுக்கு வந்தான். அதில் பாடம் நடத்துவதில்லை. மாணவர் தானே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, தானே ஆராய்ந்து, முப்பது பக்கம் ஜெர்மனில் எழுத வேண்டும். வழிகாட்டியைச் சந்தித்து அவ்வப்போது விவாதிக்க வேண்டும். கடைசியில் நேர்முகத் தேர்வு. இதில் தேறினால் அறிவியல் நூலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். ஜம்புவுக்கு ஜூன் மாதம் முப்பத்தைந்து முடிகிறது. தவறினால் ஓய்வு பெறும்வரை கிடங்குகள்தான்.

ஜெர்மானியர்கள் எப்படி மறுக்கிறார்கள் என்பதை அவன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டான். அது தனக்குத் தெரிந்த துறை என்று நினைத்தான்.

வழிகாட்டியாக ஃப்ராவ் ஹெல்விக்கைப் போட்டார்கள். அதுவரை அவனுக்குப் பாடம் சொன்னவர்கள் எல்லோரும் இந்தியர்கள். இவர் ஜெர்மன்காரர்; ஃப்ராவ் என்றால் அவர்கள் பாஷையில் திருமதி. ஐம்பது வயது. பருத்திப் புடவை கட்டி, அதற்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். அரசு ஊழியர் வெளிநாட்டவருடன் தொடர்பு வைத்துக்கொள்ள முன் அனுமதி பெற வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பியிருந்தார்கள். ஜம்பு படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

அனுமதி கேட்டு விண்ணப்பித்தான்.

பிரிவு அதிகாரி ராமசுப்ரமணியன் திருநெல்வேலிக்காரர். விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓய், உம்மை யாராவது கேட்டாளா?"

"இல்லை சார். ரூல் இருக்கே."

"ரூல் அது பாட்டுக்கு இருக்கும். நாம நம்ம பாட்டுக்கு இருக்கணும். ஃபைல்னு ஒண்ணு ஓப்பன் பண்ணிட்டா அது சும்மா இருக்குமா? அது கேள்வி கேக்கும்."

கேட்டது. சம்பந்தப்பட்ட பெண்மணி எந்த ஜெர்மனியைச் சேர்ந்தவர் என்று நிர்வாகப் பிரிவிலிருந்து வந்தது. ஜம்புவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவரைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் அது தொடர்பு.

லூசி மூலமாகக் கேட்டான். லூசி கூடப் படிக்கிறவள். நாகர்கோவில் பக்கம். ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகப் படிக்கிறாள். அவளுக்கும் அதே சுற்றறிக்கை பொருந்தும். அவள் ஃப்ராவ் ஹெல்விக் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

லூசி பதில் கொண்டுவந்தாள். அந்த அம்மாள் பிறந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் கிழக்கு ஜெர்மனியில். பாஸ்போர்ட் மேற்கு ஜெர்மனியுடையது. ஜம்பு மூன்றையும் எழுதி அனுப்பினான்.

ராமசுப்ரமணியன் அன்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டார். "மேற்குன்னு ஒத்தை வார்த்தை எழுதினா கை வலிக்குமா ஓய்? இப்ப போலந்தை வேற உள்ளே விட்டுட்டீர்."

கோப்பு மாடிக்குப் போயிற்று. அங்கிருந்து வேறொரு கட்டடத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். குளிர்காலம் முடியும்வரை அதைப் பற்றிப் பேச்சில்லை.

ஜம்பு ஆராய்ச்சியைத் தொடர்ந்தான். சனிக்கிழமைகளில் ஜன்பத், குதுப் மினார், ஜந்தர் மந்தர். சுற்றுலா வந்தவர்கள் வண்ணப்படம் விற்கிறவர்களையும் கைரேகைக்காரர்களையும் மறுப்பதைப் பின்னாலிருந்து கேட்டு எழுதினான். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் சாப்பாட்டு மேஜை இல்லாததால் தையல் மெஷின்மேல் வைத்துத் தரம் பிரித்தான். நேரான மறுப்பு. நன்றியோடு மறுப்பு. காரணத்தோடு மறுப்பு. பொறுப்பைக் கணவன் அல்லது மனைவிமேல் போடும் மறுப்பு. அவன் அலுவலகத்தில் தினமும் எழுதுகிற ஒரு வகை மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்பதற்குச் சமமாக ஒரு ஜெர்மானியர்கூட யானை விற்கிறவனிடம் எதுவும் சொல்லவில்லை. அதைத் தன் முக்கியமான கண்டுபிடிப்பாக எழுதினான்.

மனைவி காமாக்ஷிக்குத் துணி தைக்க மெஷின் தேவைப்பட்டது. "வெள்ளைக்காரி எல்லாம் என்ன மாதிரி வேண்டாம்கறான்னு லீவு நாள்ல பின்னாடியே போய்ப் பாக்கறேள். போலீஸ் பிடிச்சா என்னன்னு சொல்வேள்?" என்றாள்.

ஆராய்ச்சி என்று சொல்வேன் என்றான்.

"அச்சா. நன்னா நம்புவான்."

எழுதிய பக்கங்களை லூசி எடுத்துப் போனாள். ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்புகளோடு திரும்பி வந்தன. இது கடிதப் போக்குவரத்து ஆகுமா என்று ஜம்பு ஒரு வாரம் யோசித்து, திருத்தம் வேறு, கடிதம் வேறு என்று முடிவுக்கு வந்தான். நடைவழியில் ஃப்ராவ் ஹெல்விக் எதிரே வந்தால் அறிவிப்புப் பலகையைப் படித்தான்.

"அவங்க உங்களை ஊமைன்னு நெனைச்சுட்டு இருக்காங்க சார்," என்றாள் லூசி. "நீங்க எதுக்கு பர்மிஷன் கேட்டீங்க? கேட்டாத்தானே இல்லைன்னு சொல்லுவாங்க."

நேர்முகத் தேர்வு ஏப்ரல் மாதம் ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமைவரை அனுமதி வரவில்லை. ஜம்பு ஒரு வழி கண்டுபிடித்தான். தேர்வில் துறை ஆசிரியர் டாக்டர் சக்சேனாவும் உட்காருவார். அவர் இந்தியர். பதில்களை அவரைப் பார்த்துச் சொல்லலாம்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனான். மேஜைக்குப் பின்னால் இருவரும் இருந்தார்கள். ஃப்ராவ் ஹெல்விக் வணக்கம் சொன்னார். ஜம்பு சக்சேனாவுக்கு வணக்கம் சொன்னான். ஏன் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஃப்ராவ் ஹெல்விக் ஜெர்மனில் கேட்டார். ஜம்பு சக்சேனாவின் பக்கம் திரும்பி ஜெர்மனில் பதில் சொன்னான்.

"நீங்கள் என்னைப் பார்த்தே பேசலாம்," என்றார் ஃப்ராவ் ஹெல்விக்.

ஜம்பு சக்சேனாவிடம், "அம்மையாருடன் நேரடியாகப் பேச எனக்கு அனுமதி இல்லை என்பதைத் தயவுசெய்து அவரிடம் தெரிவியுங்கள்," என்றான். அதுவும் ஜெர்மன்தான்.

சக்சேனா அதே வாக்கியத்தை அதே மொழியில் திரும்பச் சொன்னார். சொன்ன பிறகு தான் செய்தது என்ன என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஃப்ராவ் ஹெல்விக் தாள்களை மூடி வைத்தார். பேசும் திறமைக்குத்தான் இந்தத் தேர்வு, தன்னோடு பேசாதவருக்கு மதிப்பெண் போடப் பல்கலைக்கழக விதியில் இடமில்லை என்றார். பிறகு, யார் அனுமதி தர வேண்டும் என்று கேட்டார்.

ஜம்பு சக்சேனாவிடம் விளக்க ஆரம்பித்தான். விண்ணப்பம், பிரிவு, நிர்வாகப் பிரிவு, போலந்து. சக்சேனா இரண்டு நிமிடம் கேட்டார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

ஜம்பு அவருடைய நாற்காலியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசினான். பிரம்பு பிய்ந்திருந்தது. நாற்காலிக்கு மரியாதைப் பன்மை தேவையா என்று ஒரு கணம் தடுமாறினான். எப்போது ஃப்ராவ் ஹெல்விக் பக்கம் தலையைத் திருப்பினான் என்பது அவனுக்கே தெரியவில்லை.

"மறுத்தால் காரணம் சொல்வார்களா?" என்று அவர் கேட்டார்.

"சொல்ல மாட்டார்கள்."

"மறுத்துவிட்டார்கள் என்றாவது சொல்வார்களா?"

"அதுவும் நிச்சயமில்லை. பரிசீலனையில் இருப்பதாகச் சொல்லலாம்."

"எதுவரைக்கும்?"

"நான் கேட்பதை நிறுத்தும்வரை."

"அதை உங்களுக்குச் செய்கிறவர்கள் யார்?"

"என்னைப் போன்றவர்கள். நானும் செய்கிறேன். கிடங்குகளுக்கு."

அவர் சிரிக்கவில்லை. எப்படி எழுதுவீர்கள், ஒன்று சொல்லுங்கள் என்றார். ஜம்பு பீகாரில் ஓர் ஊருக்குப் போன மாதம் எழுதிய பதிலை ஜெர்மனில் சொன்னான். அந்த மொழியில் அது நிற்கவில்லை. செயப்பாட்டு வினையில் போட்டாலும் யாரால் என்ற கேள்வி ஒட்டிக்கொண்டே வந்தது. இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பார்த்தான். அவரும் முயன்றார். ஒரு தாளை எடுத்து நடுவில் போட்டு இருவரும் எழுதி எழுதி அடித்தார்கள். பதினோரு வருடத்தில் தன் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு அக்கறையாக அவனிடம் கேட்டதில்லை. வீட்டில் கேட்கிற விஷயமில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சக்சேனா திரும்பி வந்தபோது ஜம்பு, வெளிநாட்டவருடன் பேசக் கூடாததற்கான காரணங்களில் நான்காவதைச் சொல்லிக்கொண்டிருந்தான். மேஜைமேல் குனிந்து, கையை ஆட்டி. ஃப்ராவ் ஹெல்விக் மறுத்துக்கொண்டிருந்தார். நேரான மறுப்பு.

"போதும்," என்றார் அவர். "தேர்வு முடிந்துவிட்டது." மதிப்பெண் தாளில் எழுதி சக்சேனாவிடம் தள்ளினார். சக்சேனா பார்த்துவிட்டுத் தானும் கையெழுத்துப் போட்டார். முதல் வகுப்பு. தேறியதற்கான சான்றைத் துறை அலுவலகத்தில் உடனே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஃப்ராவ் ஹெல்விக் கை நீட்டினார். ஜம்பு கும்பிட்டான்.

வெளியே லூசி தன் முறைக்குக் காத்திருந்தாள். பேசினீங்களா என்று கேட்டாள்.

"இல்லை. ஏன் பேச முடியாதுன்னு மட்டும் சொன்னேன்."

"முக்கால் மணி நேரமாவா?"

ஜம்பு சான்று வாங்கப் போனான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஜம்பு வழக்கமான நேரத்துக்கு அலுவலகம் போனான். பதினொரு மணிக்குக் கோப்பு இறங்கி வந்தது. மேற்படி வெளிநாட்டவருடன் தொடர்பு கொள்ள அனுமதி இல்லை. இதுவரை தொடர்பு எதுவும் ஏற்படவில்லை என்று விண்ணப்பதாரர் எழுதித் தர வேண்டும். தந்தால் கோப்பை முடிக்கலாம் என்று இருந்தது. கோப்பு முடியாமல் அவனுடைய நூலக வேலை விண்ணப்பத்தை அலுவலகம் அனுப்பாது. அதற்கு அன்றுதான் கடைசி நாள். ஜம்பு உட்கார்ந்து எழுதினான்: அந்தப் பெண்மணியுடன் நான் எந்த உரையாடலும் நடத்தவில்லை, உரையாடல் நடத்த இயலாமை பற்றி நேற்று நடத்திய உரையாடல் நீங்கலாக. ராமசுப்ரமணியன் படித்துவிட்டு நடுவில் ஒரு கோடு போட்டார். "முன்பாதி போதும்," என்றார். ஜம்பு நின்றான். அவர் அடுத்த கோப்பைப் பிரித்தார். ஜம்பு இடத்துக்கு வந்து முன்பாதியை மட்டும் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டான். கேண்டீனில் தயிர் சாதம் சாப்பிட்டான். மூன்று மணித் தபாலில் விண்ணப்பம் போயிற்று. நான்கு மணிக்குப் புழுதிக்காற்று அடித்தது, ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஐந்தரைக்குப் பஸ் பிடித்தான். காமாக்ஷி மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் அனுப்பியாச்சா என்று கேட்டாள். அனுப்பியாச்சு என்றான்.