டிரைவர் துபாய் போனான்

வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் என்று சொன்னால், தெருவில் பாதிப் பேர் பயோடேட்டாவோடு வந்துவிடுகிறார்கள். அனுப்புவது நாயும் பூனையும் என்று விளக்கினால் பயோடேட்டாவை மடித்துக்கொண்டு, அதற்கெல்லாம்கூட ஆள் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருக்கிறது. கேளம்பாக்கத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில், ஒரு மேசை, ஒரு பிரிண்டர், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் கூண்டுகள், நான்.

ஒருமுறையாவது பாஸ்போர்ட்டுக்கோ ரேஷன் கார்டுக்கோ அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும். உங்களுக்காவது உங்கள் கையெழுத்தை நீங்களே போட வரும். என் பயணிகள் கையெழுத்துப் போடுவதில்லை, போடுகிறவரைக் கடிக்கிறார்கள்.

தகப்பனார் பெயர்

சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒருவர் தன் பூனையைக் கனடாவுக்குக் கொண்டுபோக மனைவியுடன் வந்தார். என் படிவத்தில் தாய், தந்தை என்று இரண்டு கட்டங்கள் உண்டு. சாதிப் பூனை, சாதி நாய் வைத்திருப்பவர்களுக்கானவை. இவர்களுடையது பார்க்கிங்கில் கிடைத்த பூனை. காலியாக விட்டிருக்கலாம். ஆனால் காலியாக விட்டால் படிவம் திரும்பி வந்துவிடும் என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. அவர் தந்தை என்ற இடத்தில் தன் பெயரை இனிஷியலோடு எழுதி, பக்கத்தில் டீம் லீட் என்றும் சேர்த்திருந்தார்.

மனைவி அதை வாங்கி முழுதாகப் படித்தார். பிறகு மேசை மேல் வைத்து என் பக்கம் தள்ளினார். "அம்மா பேருக்கு நேரா தெரியாதுன்னு போட்டிருக்காரு மேடம். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

சாக்குக்குள் பீரோ

ஏகாம்பரத்தின் விவகாரம் துபாயிலிருந்து வந்த ஒரு போனில் தொடங்கியது. பேசியவள் அவர் மகள் செல்வி. அம்மா இறந்துவிட்டார், அப்பா திருக்கழுக்குன்றத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார், பேத்தியை போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார், கூப்பிடும்போதெல்லாம் ஒரு காரணம் சொல்கிறார் என்றாள். அறுவடை, முட்டிவலி, போர் மோட்டார் என்று எல்லாம் தீர்ந்துபோய், கடைசியாக, நாய் வந்தால் நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அது நடக்காது என்று நினைத்துச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

போய்ப் பார்த்தேன். ஏகாம்பரம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாய் செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய், பெயர் டிரைவர். ஏகாம்பரம் நாக்கை மடித்து இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பும், ஒரு விசில் கொடுத்தால் நிற்கும். வேறு எந்த மொழியும் அதற்குத் தெரியாது. தடுப்பூசிப் புத்தகம் எங்கே என்று கேட்டேன். டிரைவர் படுத்திருந்த சாக்கைக் காட்டினார். சாக்கின் உள்பக்கம் சணலால் ஒரு பை தைத்து, நிலப்பத்திர நகல், பீரோ சாவி, நீல அட்டை போட்ட அந்தத் தடுப்பூசிப் புத்தகம் எல்லாவற்றையும் அதில்தான் வைத்திருந்தார். நான் கையை நீட்டியதும் டிரைவர் உதட்டைத் தூக்கி ஒரு பல்லை மட்டும் காட்டியது.

ஏகாம்பரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாம்மா. பேங்க் லாக்கர்ல இந்த மாதிரி ஒரு பல்லு கீதா?"

பாஸா, ஃபெயிலா

கழுத்துத் தோலுக்கடியில் சிப் வைத்தாயிற்று. ஊசி போட்டாயிற்று. பிறகு, ஊசி உடம்பில் வேலை செய்கிறதா என்று பார்க்க ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவு நன்றாக வந்தாலும் மேலும் காத்திருக்க வேண்டும். இதை விளக்கியபோது ஏகாம்பரத்தின் முகம் தெளிந்தது. ஃபெயில் ஆகிற நாய்களும் உண்டா என்று விசாரித்தார். உண்டு என்றேன். அன்றிலிருந்து தினமும் போன் செய்து ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்டார். பாவம், எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு வந்தது. தேவையானதைவிடப் பல மடங்கு அதிகம், இவ்வளவு நல்ல ரத்தத்தை நான் பார்த்ததில்லை என்று போனில் சொன்னேன். ஏகாம்பரம் முடிவை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"நல்லா பாத்தாங்களாம்மா? வேற எதுனா நாயோடது மாறிப் பூட்டிருக்கப் போவுது."

பெட்டியில் ஏறிய கண்டக்டர்

கூண்டைக் கொண்டுபோய் முற்றத்தில் வைத்தேன். பயணத்துக்கு முன்னால் நாய் அதற்குள் படுத்துப் பழக வேண்டும். டிரைவர் அதைச் சுற்றி வந்தது, முகர்ந்தது, ஒரு மூலையில் காலைத் தூக்கியது, போய்விட்டது. புதுப்பட்டினம் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த நெத்திலிக் கருவாட்டை உள்ளே போட்டோம். கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டது.

பெட்டியைக் கண்டு அதற்குப் பயம் என்றேன். பயம் இல்லை என்று காட்டிவிடலாம் என்று சொல்லி ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே உள்ளே போய் உட்கார்ந்தார். பெரிய அளவுக் கூண்டுதான், ஆனாலும் முட்டி மோவாயில் இடித்தது. டிரைவர் ஆர்வமாக ஓடி வந்து கதவின் மேல் முன்காலை வைத்தது. கதவு மூடிக்கொண்டது, தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது. வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தாழ்ப்பாள். நான் திறக்கப் போனேன். டிரைவர் கதவுக்கு முன்னால் படுத்துக்கொண்டு அந்த ஒரு பல்லைக் காட்டியது. தன் உடைமை உள்ளே இருக்கும்போது யாரையும் கிட்டே விடுவதில்லை அல்லவா. உள்ளேயிருந்து விசில் அடிக்கச் சொன்னேன். முட்டிக்கும் மோவாய்க்கும் நடுவில் நாக்கை மடிக்க அவருக்கு இடமில்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மல்லிகா, மாவுக் கையோடு வந்து நின்றாள். ஏகாம்பரத்தை அண்ணாத்த என்று கூப்பிடுகிறவள். கூண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்த, நாயி டிக்கெட்டு வாங்கிச்சுன்னாங்க. ஒன்னியத்தான் பார்சல் பண்றாங்களா?"

இல்லாத மச்சம்

கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் நாயைச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே அதிகாரி விவரங்களைப் படித்து, நாயைப் பார்த்து, ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். செம்மண் நிறம், வால் சுருள், வேறு அடையாளங்கள் இல்லை. இல்லை என்ற இடத்தில் அவர் பேனா நின்றது. டிரைவரின் இடது கன்னத்தில் காசளவு கறுப்பு மச்சம் ஒன்று இருந்தது. நானும் அப்போதுதான் பார்த்தேன். போட்டோவில் இல்லை. சிப் எண் சரியாக இருந்தது. கன்னம்தான் வேறாக இருந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மச்சத்தை விரலால் தொட்டார். விரல் கறுத்தது. ஏகாம்பரம் கூரையைப் பார்த்தபடி, காலையில் கிளம்பும்போது ஊரே பார்த்தது, மல்லிகாதான் கண் படும் என்று மை எடுத்து வைத்தாள் என்றார். பின்னங்காலில் கறுப்புக் கயிறும் இருந்தது. ஈரத்துணி வாங்கி வந்து நான் கன்னத்தைத் துடைத்தேன். டிரைவர் மச்சம் போன சோகத்தில் தும்மியது.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுக் காகிதத்தைக் கொடுத்தார். கதவு வரைக்கும் போன எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். "பெரியவரே, அந்தக் கயிறு இருக்கட்டும். அங்க போனப்புறம் பொட்டு வெச்சுக்கச் சொல்லுங்க."

சரக்குப் பிரிவில்

துபாய்க்கு நாய் சரக்காகத்தான் போக முடியும். அனுமதி செல்வியின் பெயரில் இருந்ததால் அங்கே அவளே எடுத்துக்கொள்வாள். ஏகாம்பரம் அதே நாள் கொஞ்சம் பின்னால் கிளம்பும் விமானத்தில். மத்தியானம் நாயை ஒப்படைத்துவிட்டு அவரைப் பயணிகள் பக்கம் கொண்டுபோய் விடுவது என் திட்டம். கூண்டில் வீட்டு வாசனை உள்ள பழைய துணி ஒன்று போடச் சொல்லியிருந்தேன். அவர் டிரைவரின் சாக்கையே போட்டிருந்தார்.

பாதுகாப்புக்காரர் உறை மாட்டிய கையைச் சாக்குக்குள் விட்டுத் துழாவினார். ஒரு நெத்திலி வந்தது. மறுபடி விட்டார். ஒரு பிடி நெத்திலி வந்தது. உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, தூரமாகப் போய் நின்றுகொண்டு, போதும் என்றார். இப்போது டிரைவர் ஏற வேண்டும். ஏறவில்லை. இத்தனை நாள் பழக்கியது எல்லாம் மறந்துபோய் ஏகாம்பரத்தின் காலுக்கு நடுவில் புகுந்து நின்றது. ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை, வேண்டாம் என்று சொல்லியிருந்தால், நான் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வந்திருப்பேன். அவர் நாக்கை மடித்து இரண்டு விசில் கொடுத்தார். டிரைவர் உள்ளே போய்ச் சாக்கில் படுத்தது. மூலையில் நின்றிருந்த, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியும் கிளம்பியது.

ஓட்டியவர் பத்தடி போய் நிறுத்திவிட்டு வெட்கத்தோடு திரும்பிப் பார்த்தார். "நமக்குச் செங்கல்பட்டு சார். காலேஜுக்கு உங்க பஸ்ஸுலதான் போனேன்."

பயணிகள் பிரிவில்

வாசலில் காவலர் பாஸ்போர்ட் கேட்டார். ஏகாம்பரம் சட்டையின் உள்பையில் கையை விட்டு, நீலப் புத்தகத்தை எடுத்து, பஸ்ஸில் மீதிச் சில்லறை கொடுக்கிற தோரணையில் நீட்டினார். காவலர் பிரித்தார். புத்தகத்தைப் பார்த்தார், ஏகாம்பரத்தைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். தமிழ் தெரியாத இளைஞர். அதை என்னிடம் காட்டினார். முதல் பக்கத்தில் டிரைவரின் புகைப்படம். கீழே, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அடுத்த தவணை.

பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஏகாம்பரம் முந்தின நாள் அதை வழக்கமான இடத்தில் வைத்திருந்தார். காலையில் அவசரத்தில் கைக்கு வந்த நீலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாக்கைச் சுருட்டிக் கூண்டில் போட்டிருக்கிறார். நாங்கள் சரக்குப் பிரிவுக்கு ஓடுவதற்குள் எல்லாம் முத்திரை வைத்து உள்ளே போய்விட்டது.

தள்ளுவண்டிகள் அடுக்கிய இடத்தில் உட்கார்ந்தோம். அவரைத் தேற்ற நினைத்து, போகாமல் இருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது, செல்வியாலும் ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். அவருக்குப் போக மனமில்லை என்பது ரத்தப் பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அவர் விமானம் போகிற சத்தம் வந்த பக்கம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் அப்போம்மா. இப்ப அவன் ஒண்டியாப் பூட்டான். இறங்கற எடம் தெரியாது அவனுக்கு."

இறங்கும் இடம்

மறுநாள் காலை நான் அலுவலகம் திறக்கும்போது ஏகாம்பரம் படியில் உட்கார்ந்திருந்தார். செல்போன் கடைக்காரர் வாங்கிக் கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. செல்வி வீடியோவில் வந்தாள். கூண்டு அவள் வீட்டு ஹாலில் இருந்தது, கதவு திறந்திருந்தது, டிரைவர் உள்ளே இருந்தது. வந்ததிலிருந்து அப்படித்தானாம். தண்ணீர் வைத்தாலும் வருவதில்லை, கிட்டே போனால் பல்லைக் காட்டுகிறது, குழந்தை வேறு தவழ்ந்து தவழ்ந்து அங்கேயே போகிறது என்று அழுகிற குரலில் சொன்னாள்.

ஏகாம்பரம் போனை வாயருகே வைத்துக்கொண்டு ஒரே ஒரு விசில் கொடுத்தார். நீளமாக, ஸ்டாப்பிங்குக்குக் கொடுப்பது போல. டிரைவர் எழுந்து, உடம்பை நீட்டி முறித்து, ஹாலில் இறங்கியது. குழந்தையின் முகத்தை ஒருமுறை நக்கியது. குழந்தை போனைப் பார்க்கவில்லை, நாயைத்தான் பார்த்தது. ஏகாம்பரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வி சாக்கை இழுத்து உதறினாள். நெத்திலிகளும் பீரோ சாவியும் விழுந்தன. கடைசியாக விழுந்ததை எடுத்துத் துடைத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். "உங்க பாஸ்போர்ட்டு நல்லபடியா வந்து சேந்துடுச்சுப்பா. நீங்கதான் வரல."

ரைட்

தபாலில் அனுப்ப அவளுக்குத் தைரியம் இல்லை. அந்த வார முடிவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டைத் தன் கைப்பையில் பூட்டிக்கொண்டு நேரில் வந்தாள். டிரைவரைக் கணவர் பார்த்துக்கொண்டார், அல்லது டிரைவர் கணவரைப் பார்த்துக்கொண்டது. இரண்டு நாளில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு திரும்பக் கிளம்பினாள். நானும் வழியனுப்பப் போனேன். இதற்குக் கட்டணம் கிடையாது, முடிவு தெரியவேண்டும் என்பதற்காகத்தான்.

வாசல் வரைக்கும் நன்றாக வந்த ஏகாம்பரம் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார். மோட்டாரை நிறுத்தினோமா என்று ஒரு சந்தேகம் என்றார். மல்லிகாவிடம் சாவி கொடுத்தோமா என்று இன்னொரு சந்தேகம். பின்னால் வரிசை சேர்ந்தது. செல்வி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, அப்பாவை ஏற இறங்கப் பார்த்து, நாக்கை மடித்து இரண்டு விசில் கொடுத்தாள். சுத்தமான விசில். எனக்கே கால் நகர்ந்தது. ஏகாம்பரம் நடந்தார். காவலர் திடுக்கிட்டுக் கையைக் குறுக்கே நீட்டினார்.

"வழி வுடு நைனா," என்றார் ஏகாம்பரம் நிற்காமல். "வண்டி எடுத்துட்டாங்க."

இத்தனை வருஷத் தொழிலில் நான் நிச்சயமாகக் கற்றுக்கொண்டது, பெட்டிக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடிப்பது எல்லா நேரமும் நாய்தான் என்று நினைத்துவிடக் கூடாது என்பது மட்டும்தான்.