கஸ்டர்ட் சாப்பிட்டானா?

கடைசிப் பட்டாணியும் என் வாய்க்குள் போன பிறகுதான் ஜேனிஸ் ஆக்ராய்ட் கரண்டியை எடுத்து மேஜை விளிம்பில் இரண்டு தட்டு தட்டுகிறார். டொக், டொக். தட்டு காலி, எழுந்து போகலாம் என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்காமல் அவர் அடுக்களையிலிருந்து ஒருவரும் எழுந்ததில்லை. மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆள் ஒருநாள், பாதித் தட்டு மசித்த உருளைக்கிழங்கை விட்டுவிட்டு நைசாகக் கோட்டை மாட்டப் பார்த்தான். "உக்காரு கண்ணு. தட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு என்னையே பாக்குது பாரு" என்றார். தின்றுவிட்டுத்தான் போனான்.

அறுபத்தெட்டு வயது. ஐந்தடி உயரம். குரல் மட்டும் ஏழடி. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் மதியச் சாப்பாடு பரிமாறியவர். ஓய்வு பெற்ற அன்று பூங்கொத்தும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரத்தைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, கேட்காமலே கரண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப் பேர் அவர் கையால் தின்றவர்கள். பெயர் ஞாபகம் இருக்காது, தட்டு ஞாபகம் இருக்கும். வங்கியில் டை கட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெரிய அதிகாரியைப் பார்த்து, "நீ கேரட்டை சாக்ஸுக்குள்ள ஒளிச்சவன்தானே?" என்று கேட்டார். அந்த ஆள் தன் காலைக் குனிந்து பார்த்ததை நானே பார்த்தேன்.

இப்படிப்பட்ட ஆள் வீட்டுக்குத்தான் போன இலையுதிர் காலத்தில், சாப்பிட மாட்டேன் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். மலைப்பாம்பு.

ஜேனிஸின் அக்கா மகன் ரோரி நியூஸிலாந்துக்கு வேலைக்குப் போகிறபோது, ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள் சித்தி, லீட்ஸில் ஒரு அம்மா வந்து வாங்கிக்கொள்வார் என்று சொல்லி விட்டுப் போனது. மூன்றரை அடி நீளம், சாதுவான ரகம். பயந்தால் கடிக்கத் தெரியாது, பந்து மாதிரி சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். கரும்பழுப்பு உடம்பில் மஞ்சள் மஞ்சளாக வழிந்த திட்டுகள். ரோரி அதற்கு ஏதோ ராஜாப் பெயர் வைத்திருந்தான். ஜேனிஸ் மறுநாளே மாற்றிவிட்டார்: கஸ்டர்ட். முதல் நாள் அடுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு தொட்டாராம். நான்காம் நாள் அது அவர் மடியில் கிடக்க, தொலைக்காட்சியில் பில்லியர்ட்ஸ் பார்த்தார்களாம். லீட்ஸ்காரர் போன் செய்தபோது, "அவன் இன்னும் இங்க செட் ஆகலைம்மா, அப்புறம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

நான் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருஷமாக மலைப்பாம்பு வளர்க்கிறேன். புதிதாக வாங்கிவிட்டு முழிக்கிறவர்களை எங்கள் பாம்பு வளர்ப்போர் சங்கம் என்னிடம் தள்ளிவிடும். டிசம்பரில் ஒரு காலை போன் வந்தது.

"ட்ரெவர்தானே? பாம்புக்காரர்னு சொன்னாங்க. எங்க வீட்டுப் பையன் ஒன்பது வாரமா ஒரு வாய் சாப்பிடல. அது போதாதுன்னு முந்தாநாள்லேர்ந்து வீட்டை விட்டும் போயிட்டான்."

போனேன். முன்னறை ஜன்னலோரம், தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிற மாதிரி, பெரிய கண்ணாடித் தொட்டி. நாலு பக்கமும் வெட்டவெளி. மூடியின் மேல் மூன்று சமையல் புத்தகங்கள். அதுதான் பூட்டு.

"இதை ஒரு எலி தள்ளுமே அக்கா."

"தடிமனான புத்தகம்ப்பா. கேக்கு மட்டுமே அறுநூறு பக்கம்."

சோபாவைக் கவிழ்த்தோம், அடுப்பை நகர்த்தினோம். கடைசியில் வெந்நீர்த் தொட்டி இருக்கிற அலமாரியில், அடுக்கி வைத்த துண்டுகளுக்கு நடுவில் பந்தாகக் கிடந்தான். இருட்டு, இறுக்கம், கதகதப்பு. ஜேனிஸ் துண்டோடு சேர்த்துத் தூக்கி, "இங்க என்னடா ராசா பண்ற, உனக்கு அங்க எவ்ளோ பெரிய வீடு!" என்றார்.

"அதுதான் தப்பு. பெரிய வீடு அதுக்கு மைதானம் மாதிரி. எவனாவது தூக்கிட்டுப் போயிடுவானோன்னு நாள் பூரா பயந்துக்கிட்டே இருக்கும். அதுக்கு என்ன வேணும்னு அதுவே போய்க் காமிச்சிருக்கு."

எப்படிச் சாப்பாடு போட்டீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். உறையவைத்த எலியைத் தினமும் ஒன்று இளக்கி, தட்டில் வைத்து நீட்டியிருக்கிறார். மறுத்தால் மறுபடி. ஒருநாள் கிரேவி ஊற்றிப் பார்த்திருக்கிறார்.

"கிரேவியா?"

"வெங்காய கிரேவி. முப்பத்தோரு வருஷத்துல அதை வேணாம்னு சொன்ன ஆளே கிடையாது."

"வச்சிட்டு என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன்? நின்னு பாப்பேன். தட்டு காலியாகற வரைக்கும்."

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். வாய் சுத்தம், மூச்சு சுத்தம், உண்ணி இல்லை. அடுக்களைத் தராசில் ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராமாக வந்தவன் ஆயிரத்து நூற்று எழுபதில் நின்றான். இந்த ரகம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், பயமில்லை, இன்னும் அறுபது எழுபது கிராம் குறைந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்றார் வைத்தியர்.

ஜனவரியில் நானே மரப்பெட்டி ஒன்று அடித்துக் கொடுத்தேன். முன்பக்கம் மட்டும் கண்ணாடிக் கதவு, அதற்கு நிஜப் பூட்டு. ஒரு பக்கம் முப்பத்தொரு டிகிரி, மறு பக்கம் இருபத்தைந்து. சூட்டை அளந்து நிறுத்துகிற தெர்மோஸ்டாட் இல்லாமல் வெப்பப் பாயைச் செருகக் கூடாது, பாம்பு வெந்தே போகும் என்று இரண்டு தரம் சொன்னேன். இரண்டு பக்கமும் உடம்பை உரசுகிற அளவுக்குச் சின்னப் பொந்து ஒவ்வொன்று. சொன்னதையெல்லாம் ஜேனிஸ் பள்ளிக்கூடத்துச் சுகாதார விதிகள் மாதிரி பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரீசரில் ஒட்டினார். எலிக்குத் தனி டப்பா. அதன் மேல்: 'ஐஸ்கிரீம் இல்லை. சத்தியமாக இல்லை.' எலியை இரவெல்லாம் ஃபிரிட்ஜில் இளக்கி, பைக்குள் போட்டு வெந்நீரில் சூடாக்க வேண்டும், மைக்ரோவேவில் வைத்தால் வெடிக்கும். நீளமான இடுக்கியால்தான் நீட்ட வேண்டும், எலி வாசனையோடு விரல் போனால் விரலைத்தான் பிடிக்கும். தின்ற பிறகு இரண்டு முழு நாள் தொடக் கூடாது, பெட்டியைத் தட்டக் கூடாது, அதிர்ந்தால் கக்கிவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கடைசி விதிக்கு மட்டும் ஆட்டவில்லை. பெட்டி பின்னறைக்குப் போக வேண்டும், கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்ட வேண்டும், தண்ணீர் மாற்றுவதைத் தவிர அந்தப் பக்கமே போகக் கூடாது.

"நின்னு பாக்கக் கூடாதா?"

"கூடாது."

"சாப்பாடு போட்டுட்டுத் திரும்பிப் போறதுக்குப் பேரு சாப்பாடு போடறதாப்பா? வீசிட்டுப் போறது."

"பாத்தா தின்னாது அக்கா. பாக்கலைன்னா தின்னும். உங்க பள்ளிக்கூடத்துல அப்படி ஒரு புள்ளைகூட இல்லியா?"

கரண்டியை எடுத்துத் துடைத்தார். "ஒருத்தி இருந்தா. செவுத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்துதான் சாப்பிடுவா. நான் அந்தப் பக்கமா சுத்திப் போய் நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவ வீட்லேர்ந்து சாண்ட்விச் கொண்டுவர ஆரம்பிச்சுட்டா." கறுப்புத் தாள் எங்கே விற்கும் என்று கேட்டார்.

பிப்ரவரி நடுவில், கஸ்டர்ட் இன்னும் வாயைத் திறக்காமலே இருக்க, ரோரி போன் செய்தான். லீட்ஸ் அம்மா மார்ச் முதல் ஞாயிறு வண்டியோடு வருகிறார். சித்தி, அதற்குள் அது தின்றால் உங்களுக்கே, தின்னாவிட்டால் அவர் கொண்டுபோகட்டும், பாவம் அது என்றான். நியாயமான பேச்சுதான். ஜேனிஸும் சரி என்றுவிட்டார். ஆனால் அன்றைக்கு என் தட்டில் இரண்டு சாஸேஜ் அதிகமாக விழுந்தது. வருத்தம் வந்தால் அவர் கை தாராளமாகிவிடும்.

தெருவுக்கே தெரிந்துபோனது. தபால்காரர் கடிதத்தைச் செருகிவிட்டுக் கதவுத் துவாரம் வழியாகவே கேட்பார்: "கஸ்டர்ட் சாப்பிட்டானா?"

"கத்தாத! அவன் தனியா இருக்கணும்!" என்று இவர் கத்துவார்.

பதினாறு நாள் அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சுத்தமான பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துலக்கினார். பின்னறைக் கதவைத் தாண்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போனார். ஒருநாள் அப்படிப் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டு நெற்றியில் புடைப்போடு நின்றார்.

"பாத்து நடக்கக் கூடாதா?"

"பாக்கக் கூடாதுன்னு நீதானேய்யா சொன்ன!"

ஞாயிற்றுக்கு முந்தின நாள், சனி. மாலை ஐந்தரைக்கு வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எலி வெந்நீரில் சூடாகியிருந்தது. ஜேனிஸே இடுக்கியால் எடுத்துப் போய், சூடான பக்கத்துப் பொந்தின் வாயில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். போக வர இருபது வினாடி. திரும்பி வந்தவர் எனக்குத் தட்டு வைத்தார், தனக்கும் வைத்துக்கொண்டார், பின்னறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நான் முழுத் தட்டும் தின்று முடித்தேன். டொக் டொக் வரவில்லை. அவர் தட்டில் முள்கரண்டி படவே இல்லை. அதைச் சொல்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

ஏழு மணிக்கு, "போய்ப் பாருங்க" என்றேன்.

"நீ போ."

"நீங்க போட்ட சோறு. நீங்கதான் போகணும்."

கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். கறுப்புத் தாளின் ஒரு மூலையை அரை அங்குலம் உரித்து, ஒரு கண்ணை வைத்தார். உள்ளே கஸ்டர்ட் பாதி உடம்பை வெளியே நீட்டி, தாடை இரண்டும் அகன்று, அவசரமே இல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தான். எலியின் வால் மட்டும் வெளியே தொங்கியது. பிறகு அதுவும் உள்ளே போனது.

ஜேனிஸின் கரண்டி தானாக உயர்ந்தது. பெட்டியின் மரவிளிம்புக்கு ஒரு அங்குலம் மேலே வந்து நின்றது. அப்படியே அதைத் திருப்பித் தன் இடது உள்ளங்கையில், சத்தமே வராமல், இரண்டு தட்டு தட்டினார்.