பழைய ஸ்டேஷன் வாகனும் நானூற்றிரண்டு மீற்றரும்

எங்கள் காருக்கு என்னைவிட நாலு வயது கூட. வெளிர்பச்சை நிறம், பின்பக்கம் பெட்டிபோல் நீண்ட ஸ்டேஷன் வாகன். ஒஸ்லோவின் ரொம்மனில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டிடத்தின் நிலத்தடிக் கராஜில் அது பல வருடங்களாகத் துணி போர்த்தியபடி நின்றது. மூன்றாம் மாடியில் இருந்த அதன் சொந்தக்காரர் மகள் வீட்டோடு போய்விடத் தீர்மானித்தபோது, மின்தூக்கிக்குள் ஒரு தாளை ஒட்டினார். 'கார் வேண்டுமா? சும்மா தருகிறேன். ஆனால் உடைக்கக் கொடுக்கக் கூடாது.' காலையில் வேலைக்கு இறங்கும்போது அதை வாசித்தேன். மாலையில் ஏறி வரும்போது தாளைக் கழற்றிக்கொண்டு நேரே போய் அவர் கதவைத் தட்டினேன்.

நான் பேருந்து ஓட்டுநர். பன்னிரண்டு மீற்றர் நீள வண்டியை நாள் முழுக்க ஒஸ்லோ வீதிகளில் கொண்டுதிரிவதுதான் என் தொழில். அதில் கியர் தானாக மாறும், கதவு தானாக மூடும், அடுத்த தரிப்பிடத்தின் பெயரைக்கூட அது தானாகவே சொல்லும். என் கையால் மாற்றுகிற ஒரு கியர்த்தடி வேண்டும் என்று எனக்குள் வெகுகாலமாக ஒரு ஆசை இருந்தது.

என் கணவர் கராஜுக்கு வந்து, துணியை ஒரு மூலையில் தூக்கிப் பார்த்தார்.

"இஞ்சரும், உமக்கு விசரே? உது ஓடுமோ?"

"ஓடாட்டி ஓட வைப்பம்."

"ஆர் வைக்கிறது?"

அதற்கான பதில் அடுத்த சனிக்கிழமை கிடைத்தது. பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு நாங்கள் தாய்மார் நடைக்கூடத்தில் காத்திருப்போம். அங்கே கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் எப்போதும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்பார். எங்கள் யாழ்ப்பாணத்துக் கதை அவருக்குப் பாதிதான் பிடிபடும். அன்று நான் பழைய காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"அக்கா, கார்புரேட்டர் வண்டியா? நான் காலேஜ்ல ஆட்டோமொபைல் படிச்சவங்க. இங்க வந்து கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கேன். கையில கிரீஸ் பட்டு ஆறு வருஷமாச்சுங்க."

அடுத்த நாளே தான் குடியிருந்த ஹவுகெட்டோவிலிருந்து ரயிலேறி, நகரத்தில் மாறி, ஸ்பானர்கள் நிறைந்த கனத்த ஆயுதப் பெட்டியோடு ரொம்மன் நிலையத்தில் வந்து இறங்கினார். இலையுதிர்காலமும் பனிக்காலமும் அந்தக் கராஜுக்குள்ளேயே போயின. ஏப்ரலில் ஒரு பிற்பகல், மூன்று முறை இருமிவிட்டு இயந்திரம் பிடித்தது. நாங்கள் இருவரும் புகைக்குள் நின்று கத்தின கத்தலில் மேல்மாடியிலிருந்து ஒருவர் என்ன விபத்து என்று பார்க்க ஓடிவந்தார்.

ஓட்டப் பாதைக்குப் போகலாம் என்றது தோழியின் யோசனை. விமான நிலையப் பக்கம் கார் ஓட்டங்களுக்கென்று நானூற்றிரண்டு மீற்றர், அதாவது கால் மைல், நேர் ஓடுதளம் ஒன்று இருக்கிறது. கோடையில் புதன் மாலைகளில், அனுமதிப்பத்திரமும் ஹெல்மெட்டும் உள்ள எவரும் தன் காரை அதில் ஓடவிடலாம். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முன்னால் ஒரு விளக்குக் கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து இறங்கும். பச்சை விழுந்ததும் போக வேண்டியதுதான்.

முதல் நாள் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவை எல்லாம் பழைய அமெரிக்கக் கார்கள், கட்டில் நீளத்துக்கு மூக்கு நீண்டவை. அவை புறப்படும்போது என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. என் முறை வந்தது. ஜன்னலால் தலையை நீட்டித் தோழியிடம் கேட்டேன்.

"வெளிக்கிடட்டோ?"

"என்ன, வெளியே கிடக்கணுமா?"

"இல்லையப்பா, போகட்டோ எண்டு கேக்கிறன்!"

"போங்க, போங்க! பச்சை விழுந்தாச்சு!"

பதறியதில் இயந்திரம் நின்றுவிட்டது. மற்றக் கார் ஓடி முடித்துத் திரும்பி வருகிற பாதையில் ஏறிய பிறகுதான் நான் புறப்பட்டேன். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் மிகவும் மரியாதையாக, "ரொம்மனிலிருந்து வந்த அம்மையார் இப்போது பாதையில் இருக்கிறார், அவசரமில்லை" என்றார். பார்வையாளர் மேடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மூன்றாம் கியர் விழுந்தபோது அந்தப் பழைய உடம்பு முழுவதும் ஒரு துள்ளு துள்ளியதே, அந்தக் கணத்திலேயே மறு புதன்கிழமைக்கு என் வேலை நேரத்தை யாரோடு மாற்றலாம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

இரண்டு கோடை இப்படி ஓடித் தோற்றேன். மூன்றாவது கோடையில் தோழி ஒரு செய்தியோடு வந்தார். ஆகஸ்டில் பழைய கார்களுக்கென்று தனிப் போட்டி. அதன் விதிதான் எங்களுக்குப் பிடித்தது. ஒவ்வொருவரும் தன் கார் அந்தத் தூரத்தை எத்தனை வினாடியில் ஓடும் என்று முன்கூட்டியே கண்ணாடியில் எழுத வேண்டும். மெதுவான காருக்கு, இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசமளவு முன்னதாகவே பச்சை விழும். முடிவுக்கோட்டை முதலில் தாண்டுபவருக்கு வெற்றி, ஆனால் எழுதிய நேரத்தைவிட வேகமாக ஓடினாலும் தோல்வி, பச்சைக்கு முந்தினாலும் தோல்வி.

"அப்ப பெரிய இஞ்சின் தேவையில்லை," என்றேன்.

"ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஓட்டணும், அவ்வளவுதாங்க. அக்கா, தினமும் ஒரே ரூட்ல ஒரே டைம்ல பஸ் ஓட்டுறது யாரு?"

ஒரே மாதிரி ஓடுவது எனக்குக் கைவந்தது. புறப்படுவதுதான் வராது. பத்து வருடமாகப் பச்சை முழுசாக விழுந்து, இடம் வலம் பார்த்து, அதன் பிறகே பிரேக்கிலிருந்து காலை எடுக்கிற பழக்கம். தோழி தன் மடிகணினியில் ஒரு சின்ன விளையாட்டுச் செய்து தந்தார். மூன்று மஞ்சள் வட்டம், ஒரு பச்சை வட்டம், நான் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். "பச்சையப் பாக்காதீங்க. கடைசி மஞ்சளப் பாருங்க. கால் எறங்கி வண்டி நகர்றதுக்குள்ள பச்சை வந்துரும்." சமையலறை மேசையில் வைத்து, அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க அழுத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சோறு அடிப்பிடித்தது. கணவர் சுரண்டிச் சாப்பிட்டார். ஆனால் ஓட்டத்தைப் பார்க்க மட்டும் வரமாட்டார். "எனக்கு உதைப் பாக்கேலாது. நெஞ்சு தாங்காது," என்பார்.

போட்டியன்று காலையில் மழை தூறியது. ஓடுதளம் காயும்வரை எல்லாரும் குடைகளின் கீழே நின்று கோப்பி குடித்தோம். பதினொரு மணிக்கு வெயில் வந்தது. கண்ணாடியில் வெள்ளைச் சப்பாத்துப் பொலிஷால் தோழி எழுதினார்: 19.40. அதைப் பார்த்துப் பலர் புன்னகைத்தார்கள். அன்றைய கார்களில் அதைவிட மெதுவான எண் இருக்கவில்லை.

முதல் சுற்றில் எதிரி பச்சைக்கு முந்தி வெளியேறினார். இரண்டாம் சுற்றில் எதிரி தான் எழுதியதைவிட வேகமாக ஓடித் தோற்றார். மூன்றாவதில் நான் நேராகவே வென்றேன். அரையிறுதிக்குப் போனபோது அறிவிப்பாளரின் குரலில் சிரிப்பு இல்லை. அதையும் வென்றேன். முடிவுக்கோட்டைத் தாண்டிக் காலை எடுத்து, திரும்பி வருவதற்காக மறுபடி மிதித்தேன். மிதி தளர்ந்து தரைவரை போய் அங்கேயே கிடந்தது.

மூவர் சேர்ந்து காரைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் இடத்தில் விட்டார்கள். தோழி இயந்திர மூடியைத் திறந்து குனிந்தார்.

"ஆக்சிலரேட்டர் கேபிள் அறுந்துபோச்சுங்க."

விசிறிப் பட்டி இருந்தது, ப்ளக் இருந்தது, மின்குமிழ்கூட உபரியாக இருந்தது. கேபிள் இருக்கவில்லை. இறுதி ஓட்டத்துக்கு முக்கால் மணி நேரம். நாங்கள் கோட்டுக்கு வராவிட்டால் எதிரி தனியே ஓடிக் கோப்பையை எடுத்துக்கொள்வார். தோழி அறுந்த துண்டைக் கையில் சுற்றியபடி சில்லின் அருகே குந்தியிருந்தார். மூன்று கோடை, இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எல்லாம் ஒரு முழக் கம்பியில் வந்து நின்றது.

அப்போதுதான் அந்த எதிரி வந்தார். பெரிய ஏரி ஒன்றுக்கு அப்பாலிருந்து வருகிற, நரைத்த தாடி வைத்த பருத்த நோர்வேஜியர். சிவப்பு நிறத்து எட்டு சிலிண்டர்க் கார் அவருடையது. கார்கள் நிறுத்தியிருக்கும் வளவுக்குள் சுற்றுவதற்கென்று ஒரு பழைய சைக்கிள் வைத்திருப்பார். அதில் வந்து இறங்கி, "என்ன நடந்தது?" என்று கேட்டார். சொன்னோம். காருக்குள் எட்டிப் பார்த்தார். தோழியின் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். பிறகு தன் சைக்கிளைப் பார்த்தார்.

"பின் பிரேக்கின் கம்பி நீளம் போதுமா?"

நாங்கள் பதில் சொல்வதற்குள் சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார். தோழி சாணால் அளந்தார். போதும், மிச்சமும் வரும். நுனியைப் பிடித்து நிறுத்த ஒரு சின்னத் திருகு ஆணிப் பிடி வேண்டியிருந்தது. அதையும் அவரே ஓடிப்போய் எடுத்து வந்தார். அந்தப் பெரிய விரல்களும் தோழியின் மெல்லிய விரல்களும் மாறி மாறி அந்த ஒடுங்கிய இடத்துக்குள் போய் வந்தன. நான் உள்ளே இருந்து மிதியை மிதித்து விட்டு, மிதித்து விட்டு, அவர்கள் "இன்னும்", "போதும்" என்று இரண்டு மொழியில் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் அவரிடம் கேட்டேன், "ஏன் இதைச் செய்தீர்கள்? சும்மா இருந்திருந்தால் கோப்பை உங்களுக்குத்தானே?"

அவர் கையைத் துடைத்தார். "நான் ஓட வந்தேன். தனியே ஓடுவதென்றால் என் ஊரிலேயே ரோட்டு இருக்கிறது." பின் பிரேக் இல்லாத சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இறுதி ஓட்டத்துக்கு வலப்பக்கத்தில் அவர், இடப்பக்கத்தில் நான். அவர் கண்ணாடியில் 13.10. எனக்கு ஆறு வினாடிக்கும் கொஞ்சம் மேலாக முன்பச்சை. தோழி ஜன்னலருகே வந்து, "கண்ணாடியில பின்னாடி பாக்கவே கூடாது, சரிங்களா?" என்றார். "ஓம்" என்றேன்.

முதல் மஞ்சள். இரண்டாவது. கடைசி மஞ்சள் எரிந்ததும் கால் தானாக இறங்கியது. கார் பச்சைக்குள் சரியாக நுழைந்தது. ஒன்று, இரண்டு. சைக்கிள் கம்பி பிடித்தது. இரண்டாம் கியரில் ஓடும்போது பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அவர் இன்னும் தன் விளக்குக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார். இத்தனை பேர் பார்த்திருக்க, அந்த அகலப் பாதையில் நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாம் கியர். அப்போது பின்னால் இடி இடித்தது. நான் திரும்பவில்லை. இடி கிட்ட வந்தது. நாலாம் கியர். ஸ்டியரிங் நடுங்கியது. மிதியைத் தரையோடு ஒட்டிப் பிடித்தேன். சிவப்பு மூக்கு என் வலக்கண் ஓரத்தில் முளைத்தது, வளர்ந்தது, என் பின்கதவுக்கு வந்தது, முன்கதவுக்கு வந்தது. கோடு என் காலடியால் போய்விட்டது.

யார் வென்றது என்று எனக்குத் தெரியவில்லை. இருவரும் வேகத்தைக் குறைத்துத் திரும்பும் பாதையில் ஏறினோம். அவர் தன் ஜன்னலால் கையை முழங்கைவரை வெளியே நீட்டி என்னைச் சுட்டிக் காட்டினார். பிறகு அந்தக் கையால் தன் காரின் கதவில் தட்டத் தொடங்கினார். வேலியோரம் நின்றவர்கள் எல்லாரும் "ஹெய்யா! ஹெய்யா!" என்று கத்தினார்கள். எனக்கு விளங்கிவிட்டது. கண்ணாடியை இறக்கி நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, தமிழில்தான்.

நேரம் எழுதிய துண்டை வாங்கிப் பார்த்தோம். நான் 19.42. அவர் 13.11. எழுதிய நேரத்துக்கு அவர்தான் கிட்ட, ஆனால் பச்சைக்குப் பிறகு என் புறப்பாடு அவருடையதைவிடக் கொஞ்சம் கூர்மை. காரின் நீளத்தில் அரைவாசிகூட வராத வித்தியாசம்.

தோழி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அவர் என்னைவிட ஒரு தலை குட்டை. எப்படித் தூக்கினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவரது தோளுக்கு மேலால் பார்த்தால், சொசேஜ் விற்கிற கடைக்குப் பின்னாலிருந்து என் கணவர் வெளியே வந்துகொண்டிருந்தார்.

"நீங்கள் எப்ப வந்தனீங்கள்?"

"காலமை."

"முழுக்கப் பாத்தனீங்களோ?"

"ஒண்டையும் பாக்கேல்லை. கடைக்குப் பின்னாலை நிண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிண்டனான்," என்றார். முகமெல்லாம் ஈரம். "கடைசியிலை ஒலிபெருக்கியிலை அவன் 'ரொம்மன் அம்மையார்' எண்டு கத்தினதைக் கேட்டனான். அது காணும்."

அதற்குப் பிறகும் பல கோடைகள் ஓடினேன். தோற்றவைதான் அதிகம். தாடிக்காரர் அடுத்த வருடமே என்னைப் பழிவாங்கிவிட்டு, புதிய பிரேக் கம்பி ஒன்றைப் பரிசாகத் தந்தார். தமிழ்ப் பள்ளி நடைக்கூடத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் தங்கள் பழைய கார்களோடு வந்தார்கள். ஒருத்தி இப்போது எங்களையெல்லாம் வெல்கிறாள்.

அன்று கிடைத்தது நாங்கள் நினைத்த கோப்பை அல்ல. மரக்கட்டையில் பொருத்தி மினுக்கிய ஒரு பிஸ்டன். அது யார் வீட்டில் இருப்பது என்று எனக்கும் தோழிக்கும் வந்த வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. ஆறு மாதம் எனக்கு, ஆறு மாதம் அவருக்கு என்று பேசிக்கொண்டோம். ஆனால் நவராத்திரி வரும்போது மட்டும், முறை யாருடையதாக இருந்தாலும், ஆயுத பூஜைக்கு அது தனக்கு வேண்டும் என்று பிடிவாதமாக வந்து முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிடுவார். எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூசைக்கு நாங்கள் புத்தகங்களை மட்டும் வைத்துச் சமாளிக்கிறோம். இந்த வருடமும் அது ஹவுகெட்டோவில்தான் இருக்கிறது. சந்தனமும் குங்குமமும் பூசி, பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.