கிணற்றுக்குள் எஞ்சின் புகை

மார்க்கண்டு யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடங்களாகக் கண்ணாடிச் சாமான்கள் கழுவி வந்தார். நீர்வேலியிலிருந்து சைக்கிளில் வந்து போவார்.

நாற்பத்தெட்டாம் ஆண்டு கோடையில் அவருடைய தங்கை பூரணத்தின் கணவர் அருளம்பலம் வாழைக்குத் தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்று வாங்கினார். கிணற்று நீர் ஆழத்துக்கு இறங்கிவிட்டதால் மேலிருந்து அதனால் இழுக்க முடியவில்லை. உள்ளே பலகை கட்டி எஞ்சினை இறக்கினார்கள். மூன்றாம் நாள் காலையில் எண்ணெய் விட இறங்கிய அருளம்பலம் ஏறி வரவில்லை. மணமில்லாத நஞ்சுவாயு ஒன்று அந்தப் புகையில் உண்டென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்து வேலைக்கு வந்த மார்க்கண்டு, இரசாயன ஆசிரியர் சோமசேகரத்திடம் கேட்டார்.

"மாஸ்ரர், அந்த வாயுவுக்கு மாற்று ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு. செம்பும் மங்கனீசும் சேர்ந்த ஒட்சைட்டுத் தூள். அதுக்குள்ளாலை போனால் நஞ்சு முறிஞ்சிடும். யுத்தத்திலை முகமூடிக்குள்ளை வைச்சவங்கள். செய்யிறது லேசில்லை, மார்க்கண்டு."

"நான் செய்து பாக்கட்டோ?"

ஆசிரியர் இரசாயன அலுமாரியின் திறப்பைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

பள்ளி விட்டபின் மார்க்கண்டு அங்கேயே நின்றார். செம்பு உப்பையும் மங்கனீசு உப்பையும் கரைத்து, சேர்த்து, அடியில் படிந்த சேற்றை வடித்துக் கழுவி எடுத்தார். பிறகு அதைச் சூடாக்க வேண்டும். நன்றாக வேக வைத்தால்தான் வீரியம் வரும் என்று நினைத்து, உலையில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினார். கறுத்து மினுங்கும் தூள் வந்தது. ஆசிரியர் அந்த வாயுவைக் கொஞ்சம் உண்டாக்கி, தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய்க்குள் செலுத்தினார். வேலை செய்தால் குழாய் சுட வேண்டும். சுடவில்லை. அடுத்த முறை இன்னும் கூடக் காய்ச்சினார். அதற்கும் குழாய் குளிர்ந்தே கிடந்தது.

ஐந்து தடவை இப்படிப் போயிற்று. அவருக்கு முதுகு வலித்தது. வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தபடியே தூங்கினார்.

ஆறாவது தூளை ஆசிரியர் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார்.

"உதிலை பாரும். எல்லாம் பளிங்காய்ப் போச்சு. சூடு கூடினால் பொடி ஒண்டோடை ஒண்டு ஒட்டிப் பெருத்திடும். பிறகு வாயு போய்த் தொட இடமெங்கை?"

"அப்ப நான் இவ்வளவு நாளும் தூளைச் சாக்காட்டிக்கொண்டுதானே இருந்திருக்கிறன்."

"ஓம். நானும் முந்தியே பாத்திருக்க வேணும்."

பிறகு மணல் தட்டில் வைத்து, வெப்பமானி இருநூறைத் தாண்டாமல் காத்தார். தூள் மினுங்கவில்லை. கரிபோல் மங்கலாக இருந்தது. அன்று குழாய் சுட்டது. மார்க்கண்டு அதைக் கையில் பிடித்தபடி நின்றார். சிரிக்கத் தோன்றவில்லை. கதிரையில் போய் இருந்தார்.

ஆனால் கிணற்றுக்குள் ஈரம். தூளை ஒரு தட்டில் பரப்பி, கயிற்றில் கட்டி ஒரு பகல் கிணற்றுக்குள் தொங்கவிட்டுக் கொண்டுவந்தார். குழாய் சுடவில்லை. ஈரம் பட்டாலும் தூள் சோர்ந்துவிடும் என்றார் ஆசிரியர். ஈரத்தைத் தடுக்க வேறொரு மருந்து வேண்டும், முகத்தோடு ஒட்டும் றப்பர் முகமூடி வேண்டும். இரண்டும் அங்கே கிடைக்காது. பரீட்சைக் காலமும் வந்துவிட்டது. மார்க்கண்டு அலுமாரித் திறப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் தங்கை வீட்டுக்குப் போனார். பூரணம் முற்றத்தில் வாழைச்சருகு கட்டிக்கொண்டிருந்தாள்.

"மருந்து சரிவந்ததோ, அண்ணை?"

"வந்தது. கிணத்துக்குச் சரிவராது."

அவள் கட்டை இறுக்கி முடிந்தாள்.

"எஞ்சினை மேலை எடுத்தாச்சு. இனி இறக்க விடமாட்டன். நாளைக்குத் துலா மிதிக்க ஓராள் குறையுது."

"நான் வாறன்."

"உங்களுக்கு வேலையெல்லோ?"

"எட்டு மணிக்குப் போனால் காணும்."

விடிந்ததும் வந்து, கிணற்றுக்கு மேலே ஏறி இறங்கும் நீண்ட துலா மரத்தில் ஏறினார். கீழே கிணற்றடியில் வேறொருவர் கயிற்றில் வரும் பனையோலைப் பட்டையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்ற, மார்க்கண்டு முன்னும் பின்னுமாக நடந்தார். நாற்பது வாழைக்குப் பாய்ந்தபின் கால் உளைந்தது. இறங்கி முகம் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.